காட்டு நிலம் நகராட்சிக்குத் திரும்பினால் குப்பைமேடு வந்தே தீருமா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு ஊரிலிருந்து இந்த வாரக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் 68 வயது அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அரசுக் காடு ஒன்று இருக்கிறது. பெரும்பகுதி புளூகம் என்ற யூகலிப்டஸ் மரத்தோப்பு. நடுவில் ஓடும் ஓடையின் இரு கரையிலும் மட்டும் பழைய நாட்டுக் காடு மிஞ்சியிருக்கிறது. ஓடை காட்டைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு மாரியம்மன் கோயில். ஆடியில் கூழ் ஊற்றும்போது கரகம் ஜோடிக்க அந்த ஓடைக்கரைக்குத்தான் போகிறார்கள். ஊரின் குப்பைமேடு நிரம்பிவிட்டது, அடிக்கடி புகைகிறது. சென்ற மாதம் நகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது: 'இந்த நிலம் முன்பு நகர வாரியத்துடையது. மரம் வளர்ப்பதற்காக அரசுக்குக் கொடுத்தோம். இப்போது காட்டுத் தேவைக்கு வேண்டியதில்லை என்பதால் எங்களுக்கே திருப்பித் தாருங்கள். புதிய குப்பைமேட்டை அங்கே அமைக்கிறோம்.'

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன், "ஓட்டுப் போட்டாயிற்று, முடிந்த கதை. கேஸ் போட்டுத் தோற்றால் வீடே போய்விடும்" என்கிறார். கோயில் தலைவர் 3,000 கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார். கோயிலுக்கு 60 வயது தாண்டிவிட்டது, சட்டப்படி யாரும் அந்தப் பக்கம் கை வைக்க முடியாது என்று இன்னொருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். காட்டின் கீழ்ப்பகுதியில் அம்மாவின் அப்பா பல வருடம் காய்கறி பயிரிட்டு, பிறகு வெளியேற்றப்பட்டிருக்கிறார். "எங்களிடமிருந்து எடுத்த நிலத்தைக் குப்பைக்குக் கொடுப்பதா?" என்று கேட்கிறார். கடைசி வரி: "சண்டை போட வயதில்லை. சும்மா இருந்தால் அம்மனுக்கு என்ன பதில் சொல்வேன்?"

அம்மா, வணக்கம்.

முதலில் உங்கள் மகனுடைய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கதை முடியவில்லை, இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. மன்றத்தில் கை தூக்கியதால் நிலமும் மாறவில்லை, குப்பைமேட்டுக்கு அனுமதியும் வந்துவிடவில்லை. அந்தத் தீர்மானம் நகராட்சி மேலே அனுப்பும் ஒரு மனு, அவ்வளவுதான். ஆனால் ஊரில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் யோசனைகளில் பாதி தவறானவை. தவறான யோசனையை நம்பி ஆறு மாதத்தைத் தொலைத்த ஊர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நிலம் கைமாறுவது வேறு, காடு விலக்கப்படுவது வேறு, குப்பைக்கு உரிமம் வேறு

'திரும்பத் தருதல்' என்ற ஒரே சொல்லில் மன்றம் மூன்று காரியங்களை முடிச்சுப் போட்டிருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரியும்.

முதல் காரியம் உடைமை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, யாருக்கு மாறுகிறது என்பது. இரண்டாவது, அந்த நிலத்துக்கு 1998-ஆம் ஆண்டின் 84-ஆம் எண் தேசியக் காடுகள் சட்டத்தின்கீழ் இருக்கும் அரசுக் காடு என்ற தகுதி. காட்டுத் தேவைக்கு இனி வேண்டியதில்லை என்று அமைச்சர் அரசிதழில் அறிவித்தால்தான் அந்தத் தகுதி விலகும். இதை நகராட்சி செய்ய முடியாது, மாகாணமும் செய்ய முடியாது. மூன்றாவது, அந்த இடத்தில் குப்பை கொட்டலாமா என்ற கேள்வி. 2008-ஆம் ஆண்டின் 59-ஆம் எண் கழிவுச் சட்டப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். வீட்டுக் குப்பை போன்ற பொதுக் கழிவுக்கு மாகாணச் சுற்றுச்சூழல் துறையும், அபாயகரமான கழிவுக்கு மத்திய அமைச்சகமும் உரிமம் தரும். இவை தவிர, நிலப்பயன் மாற்றத்துக்கு 2013-ஆம் ஆண்டின் நிலப்பயன் திட்டச் சட்டம் இருக்கிறது. நீர்நிலையைப் பாதிக்கும் வகையில் கழிவைப் போட 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின்கீழ் அனுமதி வாங்க வேண்டும்.

இதில் இரண்டு விதமாக ஏமாறலாம். ஒரு வகை, 'வெறும் பத்திரம்தானே மாறுகிறது, குப்பைமேடு என்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று சும்மா இருப்பது. நிலம் கைக்கு வந்த பிறகு நகராட்சி ஆலோசகர்கள், 'எங்களிடம் இருக்கும் ஒரே நிலம் இதுதான்' என்று எழுதுவார்கள். அதிகாரிகள் மனதில் பாதி முடிவு அப்போதே விழுந்துவிடும். இன்னொரு வகை, இருக்கிற பலத்தையெல்லாம் பத்திர மாற்றத்தைத் தடுப்பதிலேயே செலவழித்துவிட்டு, உரிம விசாரணை வரும்போது களைத்துப் போய் வீட்டில் உட்கார்ந்துவிடுவது.

என் அபிப்பிராயம் இது. நிலமாற்றக் கட்டத்தில் ஒரே ஒரு நல்ல கடிதம் எழுதுங்கள். ஓடையும் அதன் இரு கரைக் காடும் மாற்றத்திலிருந்து விலக்கப்பட வேண்டும், மாற்றம் நடந்தால் அது குப்பைமேட்டுக்கு எந்த முன் ஒப்புதலும் ஆகாது என்று ஆணையிலேயே எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். காடுகள் பொறுப்பில் இருக்கும் மத்தியத் துறைக்கு அனுப்பி, மாகாணத் துறைக்கும் நகராட்சி மேலாளருக்கும் நகல் வையுங்கள். முழு பலத்தையும் உரிமக் கட்டத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தேடும் காகிதம் பழைய பத்திரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் நகல் கிடைக்கும். நகர வாரியம் அந்த நிலத்தை அரசுக்குக் கொடுத்ததா, விற்றதா, மாற்றிக்கொண்டதா, அரசு கையகப்படுத்தியதா என்று பாருங்கள். 'காட்டுக்குப் பயன்படாதபோது கொடுத்தவருக்கே திரும்பும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் நகராட்சியின் கோரிக்கைக்கு அடித்தளம் உண்டு. விற்றதாகவோ மாற்றிக்கொண்டதாகவோ இருந்தால் 'திரும்ப' என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. அரசு தன் சொத்தைப் புதிதாக ஒருவருக்குக் கொடுப்பதாகிவிடும். அதற்கு 1961-ஆம் ஆண்டின் அரசு நில ஒப்படைப்புச் சட்டத்தின் வழியில்தான் போக வேண்டும். கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கவும் அரசால் முடியும்.

உங்கள் அப்பாவின் காய்கறித் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். இது கொஞ்சம் வருத்தம் தரும் பதில், மன்னிக்க வேண்டும். நில மீட்புச் சட்டம் வெறும் பத்திரதாரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப்பாகுபாட்டுச் சட்டங்களாலோ நடைமுறைகளாலோ வெளியேற்றப்பட்டவர், அதற்கு முன் தொடர்ந்து 10 ஆண்டுகளாவது நிலத்தை அனுபவித்திருந்தால் குத்தகைக்காரரானாலும் உரிமை கோரலாம் என்றது. ஆனால் மனுப் போட 1998 டிசம்பர் 31 கடைசி நாள். 2014-இல் நாடாளுமன்றம் மறுபடி திறந்தது. போதிய மக்கள் பங்கேற்பு இல்லாமல் நிறைவேற்றியதால் 2016 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இடையில் போட்ட மனுக்கள் செல்லாமல் போகவில்லை, பழைய மனுக்கள் தீரும்வரை வரிசையில் நிற்கின்றன. உங்கள் குடும்பத்தில் யாரும் மனுப் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. அப்படியானால் இன்று புதிதாகப் போட வழியில்லை.

ஆனால் வேறு யாராவது போட்டிருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு முன்பே அந்த மண்ணில் ஜூலு குடும்பங்கள் குடியிருந்தன என்று நீங்களே ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் 1998-க்குள் மனுச் செய்து, அது அரசிதழில் வெளியாகியிருந்தால் நிலைமையே வேறு. அப்படிப்பட்ட நிலத்தை விற்கவோ, பரிமாறவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ, பிரிக்கவோ, பயன்மாற்றம் செய்யவோ, அதில் கட்டுமானம் தொடங்கவோ வேண்டுமானால் வட்டார நில மீட்பு ஆணையருக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஆணைய அலுவலகத்துக்கு நிலத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்காத நீதி பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்க உங்கள் கடிதம் காரணமாகலாம்.

புளூகம் மரத்துக்காக வாதாடாதீர்கள்

'மரங்களைக் காப்பாற்றுங்கள்' என்று கோயில் தலைவர் தட்டி எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். புளூகம் இந்த மண்ணின் மரமல்ல, தண்ணீரை உறிஞ்சும் மரம். தேசிய நீர்ச் சட்டமே வணிக மரத்தோப்பை ஓடைநீரைக் குறைக்கும் செயல் என்ற வகையில் வைத்திருக்கிறது. நீங்கள் புளூகம் மரத்துக்காகப் பேசினால் நகராட்சி ஆலோசகர் எழுந்து, 'மரத்தை வெட்டினால் ஓடையில் தண்ணீர் கூடும்' என்பார். அவர் சொல்வதில் உண்மையும் இருக்கும்.

உங்கள் பலம் ஓடைக்கரை நாட்டுக் காட்டில் இருக்கிறது. தேசியக் காடுகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இயற்கைக் காடுகளை அழிக்கக்கூடாது என்கிறது. வரவிருக்கும் நிலப்பயன், பொருளாதாரத்திலோ சமூகத்திலோ சுற்றுச்சூழலிலோ தரும் நன்மையால் மேலானது என்று அமைச்சர் கருதும் அசாதாரண நிலைமைக்கு மட்டுமே விலக்கு. 7-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் இயற்கைக் காட்டில் உயிருள்ள நாட்டு மரம் ஒன்றை வெட்டுவதும் சேதப்படுத்துவதும் குற்றம். பரப்பளவு சின்னது என்பதால் பாதுகாப்பு குறைவதில்லை. ஆகவே தட்டியில் 'மரம்' என்று பொதுவாக எழுதாமல் 'ஓடையும் ஓடைக்கரைக் காடும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

குப்பைமேட்டுக்கு எந்த இடம் ஆகாது என்று நீர்த்துறை 1998-இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தேவைகள் நூலின் இரண்டாம் பதிப்பு ஒரு பட்டியலே தருகிறது. 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் எல்லைக்குக் கீழான நிலம், முக்கியமான நீர்நிலைக்கு மிக அருகே இருக்கும் நிலம், நிலத்தடி நீர் மேலே கசியும் இடம், செங்குத்துச் சரிவு, வாடிக்கையாக வீசும் காற்று குடியிருப்பை நோக்கிப் போகும் இடம், சூழலாலோ வரலாற்றாலோ மென்மையான இடம் எல்லாம் அதில் வருகின்றன. நீங்கள் விவரித்த ஓடை, ஊற்று, சரிவு மூன்றும் இந்தப் பட்டியலைத் தொடுகின்றன. மழை எவ்வளவு கனமாக வரும் என்பதை 2022 ஏப்ரலில் டர்பன் பார்த்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சரிவுகள் வீடுகளோடு இறங்கின. அப்படி ஒரு மழையில் இந்தச் சரிவில் இருக்கும் குப்பை என்ன ஆகும், அதிலிருந்து கசியும் அழுக்குநீர் எந்தத் தொட்டியில் நிற்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

வீட்டுக் குப்பைக்கான புதிய மேடு என்றால் 2013 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி 'பி' வகுப்புத் தடுப்புப் படலம் அடியில் வேண்டும். களிமண் அடுக்கு, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரைச் சேர்க்கும் குழாய்கள் என்று பணம் விழுங்கும் வேலை அது. கட்டுவதற்கும், நாற்பது ஐம்பது வருடம் கழித்து மூடுவதற்கும், மூடிய பிறகு கண்காணிப்பதற்கும் நகராட்சியிடம் பணம் எங்கே இருக்கிறது? இப்போதைய மேட்டையே புகையவிட்டிருக்கும் நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

60 வயது கோயில்

60 ஆண்டு என்ற எண் சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு 60 வயதைத் தாண்டிய கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அது சுவருக்கும் கூரைக்கும் காவல். கோயிலிலிருந்து 400 மீட்டர் தள்ளி மேடு அமைப்பதை அந்தப் பிரிவு தடுக்காது.

உங்களுக்கு உதவுவது அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு. 5,000 சதுர மீட்டருக்கு மேல் ஒரு இடத்தின் தன்மையை மாற்றும் எந்தத் திட்டமும் மரபுவள அதிகாரிகளிடம் போக வேண்டும். நம் மாகாணத்தில் அந்த வேலையைப் பார்ப்பது அமாஃபா என்ற மரபுவள அமைப்பு. மரபு என்று சட்டம் சொல்லும்போது கல்லையும் மண்ணையும் மட்டும் சொல்லவில்லை. வாய்மொழி வரலாறு, சடங்கு, வழிவழி வந்த பழக்கம் ஆகியவற்றையும் வாழும் மரபு என்று ஏற்றுக்கொள்கிறது. கரகம் ஜோடிக்கும் ஓடைக்கரை எது, ஊர்வலம் எந்தப் பாதையில் வருகிறது, எந்த வருடத்திலிருந்து, யார் யார் நினைவில் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் சேருங்கள். ஊரில் 80 வயதைத் தாண்டிய பாட்டிகள் இருந்தால் அவர்கள் சொல்வதை இந்த மாதமே எழுதி வாங்குங்கள். அம்மனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டீர்களே, இந்த எழுத்து வேலைக்கு உங்களைவிடத் தகுந்தவர் அந்த ஊரில் இல்லை.

3,000 கையெழுத்தும் பதிவுபெற்ற 30 பேரும்

கையெழுத்து வாங்குவது நல்லது, கவுன்சிலர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். சட்டத்தின் கணக்கில் அது பெரும்பாலும் ஒரே ஒரு எதிர்ப்பாக எண்ணப்படும் அபாயம் உண்டு. உரிம விண்ணப்பம் தொடங்கியதும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளர் ஒருவர் நியமிக்கப்படுவார். அவரிடம் 'அக்கறையும் பாதிப்பும் உள்ள தரப்பு' என்று பெயர் பதிய வேண்டும். பதிந்தவருக்கு அறிக்கைகள் வந்து சேரும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கிடைக்கும், அவர் எழுதிய ஒவ்வொரு கருத்துக்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். 30 பேர் பதிந்து, ஒருவர் ஊற்றைப் பற்றி, ஒருவர் காற்றைப் பற்றி, ஒருவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆஸ்துமாவைப் பற்றி, ஒருவர் லாரி போகும் ரோட்டைப் பற்றி எழுதினால், அதை ஓரம் கட்ட எந்த அதிகாரிக்கும் சிரமமாக இருக்கும்.

'சண்டை போட வயதில்லை' என்றீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். தினம் காலை, மாலை காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மழை பெய்தால் ஓடை எவ்வளவு ஏறியது, எந்த மாதத்தில் ஊற்று எங்கே கசிகிறது, பழைய மேட்டுப் புகை எந்த நாளில் உங்கள் ஜன்னல் வரை வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆலோசகர்கள் இரண்டு தடவை காரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கைக்கு முன்னால் ஓர் ஆசிரியை ஒரு வருடம் எழுதிய நோட்டு நிற்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதை 'நம்ம ஆட்கள்' விஷயமாக, கோயில் விஷயமாக மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஓடையின் கீழே தண்ணீர் எடுப்பவர்கள் ஜூலு குடும்பங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப்பு அவர்களுக்குத்தான் முதலில் வரும். அறிவிப்பு ஆங்கிலச் செய்தித்தாளில் மட்டும் வந்தால் ஜூலு மொழியிலும் வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். படிப்பறிவில்லாதவர்களும் பங்கேற்க வேறு வழி செய்ய வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது.

டர்பனின் பிஸாசர் ரோடு மேட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980-இல், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கிளேர் எஸ்டேட்டில், வீடுகளுக்கு எதிரே திறந்தார்கள். மூடுகிறோம் மூடுகிறோம் என்ற வாக்கு தள்ளிக்கொண்டே போய் 1996-இல் புதிய அனுமதியே கிடைத்தது. எதிர்வீட்டில் இருந்த சஜிதா கான் ஆண்டுக்கணக்கில் போராடி, 2007-இல் புற்றுநோயில் இறந்தார். அதே மேட்டின் ஓரத்தில் கென்னடி ரோடு குடிசைகளில் இருந்தவர்களில் பலர் மேட்டில் பொறுக்கித்தான் பிழைத்தார்கள். மூடினால் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சினார்கள். எதிரே வாழ்ந்தவரும் ஓரத்தில் வாழ்ந்தவரும் ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு எதிரெதிர் பக்கம் நின்றதைப் போல வேதனை வேறில்லை. உங்கள் ஊரின் பழைய மேட்டிலும் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

குப்பை எங்கே போகும்?

'எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இங்கே வேண்டாம்' என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. அந்த வரியை மட்டும் உங்கள் ஆட்சேபத்தில் சேர்க்க வேண்டாம். குப்பை அகற்றுவதும் கிடங்கு நடத்துவதும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி உள்ளாட்சியின் வேலை. நகராட்சி கையைக் கட்டி உட்கார முடியாது. இன்று புகையும் மேட்டுக்குப் பக்கத்திலும் யாரோ குழந்தை வளர்க்கிறார்கள். அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் 'நலத்துக்குக் கேடில்லாத சூழல்' என்ற உரிமை அவர்களுக்கும் உண்டு.

அதனால் மாற்றுவழி கேளுங்கள். ஒவ்வொரு நகராட்சிக்கும் கழிவு மேலாண்மைத் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். உங்கள் ஊர்த் திட்டத்தில் மக்கும் குப்பையைப் பிரிப்பதற்கு என்ன எழுதியிருக்கிறது? மேற்கு கேப் மாகாணம் 2022-க்குள் மக்கும் கழிவில் பாதியையும் 2027-க்குள் முழுவதையும் மேட்டுக்குப் போகாமல் திருப்ப வேண்டும் என்று தன் நகராட்சிகளுக்கு இலக்கு வைத்தது. மக்கும் குப்பை போகாவிட்டால் நாற்றமும் வாயுவும் கசிவும் பெருமளவு குறையும், தேவைப்படும் இடமும் குறையும். பக்கத்து நகராட்சிகளோடு சேர்ந்து ஒரு வட்டாரக் கிடங்கைப் பயன்படுத்த ஆராய்ந்தார்களா? மாற்று இடங்களை எந்த அளவுகோலில் தள்ளினார்கள்? மாற்றுகளை ஆராயாத மதிப்பீட்டு அறிக்கை மேல்முறையீட்டில் பலவீனமானது. கோயிலிலும் ஒன்று செய்யலாம். இந்த ஆடியில் கூழுக்குப் பிளாஸ்டிக் கோப்பையை நிறுத்திவிட்டு அவரவர் கிண்ணம் கொண்டுவரச் சொல்லுங்கள், பிறகு நகராட்சியிடம் பேசும்போது உங்கள் குரலுக்கு எடை கூடும்.

எல்லாம் செய்தும் உரிமம் கொடுத்துவிட்டால்? அப்போதும் ஊர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. ஓடையிலிருந்து எத்தனை மீட்டர் இடைவெளி, எந்த வருடம் மூடல், ஊர்மக்கள் உள்ள கண்காணிப்புக் குழு, கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கோயிலிலும் இந்துனா (ஜூலு ஊர்த்தலைவர்) வீட்டிலும் ஒட்டுவது, இவையெல்லாம் உரிமத்தின் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். வாய்வாக்கு வேண்டாம், பிஸாசர் ரோட்டுக்காரர்கள் வாய்வாக்கை நம்பிப் பட்டது போதும். வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராய் மேட்டைச் சுற்றிய இடைநிலத்தில், முன்பு கரும்பு இருந்த இடத்தில், 2008 முதல் நாட்டு மரங்களை நட்டுக் காடாக்கினார்கள். அக்கம்பக்கத்து மக்களே கன்று வளர்த்துக் கொடுத்தார்கள். செய்ய மனமிருந்தால் நகராட்சியால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

வீடு போய்விடுமா?

உரிம முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 20 நாளுக்குள் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை உரிமம் நிறுத்திவைக்கப்படும். அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. அதிலும் தோற்றால் உயர்நீதிமன்றத்தில் மறுஆய்வு, தாமதமின்றி, அதிகபட்சம் 180 நாளுக்குள். மேல்முறையீட்டைத் தாண்டாமல் நேரே நீதிமன்றம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செலவைப் பற்றி உங்கள் மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அரசியலமைப்பு உரிமைக்காக அரசை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றவர் மீது பொதுவாக அரசின் செலவைச் சுமத்தக் கூடாது என்று 2009-இல் பயோவாட்ச் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காக நியாயமான அக்கறையோடு வந்தவர்மீது செலவு போடாமல் விட மேற்சொன்ன சுற்றுச்சூழல் சட்டத்தின் 32-ஆம் பிரிவும் இடம் தருகிறது. வீம்புக்கும் அற்பக் காரணத்துக்கும் வழக்குப் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: இது எதிர்த்தரப்புச் செலவைப் பற்றியது, உங்கள் வக்கீல் கட்டணம் தனி. ஆகவே வீட்டைத் தனியாக முன்னால் நிறுத்தாமல் கோயில் சங்கமும் ஊர்க்குழுவும் சேர்ந்து மனுதாரராகுங்கள். டர்பனில் உள்ள லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள கிரவுண்ட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஆகியவற்றுக்கு இப்போதே எழுதி வையுங்கள். நெருப்புப் பிடித்த பிறகு போனால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் நகராட்சிக்கு விண்ணப்பம் போடுங்கள். மன்றத் தீர்மானம், அதோடு வைத்த அதிகாரி அறிக்கை, மத்தியத் துறைக்கு அனுப்பிய கடிதம், இடத்தேர்வு ஆய்வு ஏதாவது இருந்தால் அது, இவ்வளவையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கொடுத்த தேதியை முத்திரையோடு உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். மகனிடம் ஒரு வேலை கொடுங்கள்: பத்திர நகலை அவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தே இணையத்தில் கேட்டு வாங்கலாம். ஆடி பிறப்பதற்குள் அது கைக்கு வந்துவிட்டால், நிபந்தனைகள் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.